எண்ணச் சுழற்சி நோய்: சிகிச்சை

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிப்பதும், அதைத் தணிக்கக் கைகழுவுதல், பூட்டைச் சரிபார்த்தல் போன்றவற்றை விடாமல் செய்வதும் ஓ.சி.டி. எனப்படும் இந்நோயின் இயல்பு. 1966-இல் லண்டன் உளவியலாளர் விக்டர் மேயர், நோயாளிகளை அவர்கள் அஞ்சும் பொருளைத் தொடவைத்து, பின்பு கழுவவிடாமல் தடுத்ததன் பலனைப் பதிவுசெய்தார். முதன்மையான உளச்சிகிச்சை இன்றும் இதுவே. ஆனால் இப்போது தடுப்பவர் மருத்துவரல்லர், நோயாளியேதான். எளிய அச்சத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவர்.

மருந்துகளில் குளோமிப்ரமின் மூத்தது. பக்கவிளைவு குறைவென்பதால் ஃபுளுவாக்சமின், செர்ட்ராலின் போன்றவை முதலில் தரப்படுகின்றன. மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவு பெரும்பாலும் கூடுதல். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மூன்றாம் வாரத்தில் ‘மருந்து கேட்கவில்லை’ என்று நிறுத்துவது அவசரம்.

குழந்தைகளுக்கு உளச்சிகிச்சையே முதலில்; நோய் கடுமையானால் மருந்தும் சேரும். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 7 முதல் 17 வயதினருக்கு இரண்டும் சேர்ந்தபோதே மிகுந்த பலன் கிடைத்தது. பெற்றோருக்கும் பயிற்சி உண்டு. “கை சுத்தமா அம்மா?” என்று பிள்ளை மறுபடி மறுபடி கேட்கும்போது “சுத்தம்தான் கண்ணு” என்று தேற்றாமலிருப்பதே அதில் கடினமான பாடம், அந்தப் பதில் நோய்க்குத்தான் தீனி. இளையோர் மருந்து தொடங்கும் வாரங்களில் தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று கவனிக்க வேண்டும்.