காலையுணவும் கல்வியும்

கல்வி விருத்தியைப் பற்றிப் பேசுங்கால் நாம் கட்டடம், ஆசிரியர், புஸ்தகம் ஆகியவற்றையே எடுத்துரைக்கின்றோம். பிள்ளையின் வயிற்றை எண்ணுவோமில்லை. இராமுழுதும் உண்ணாதிருந்த உடலில் மூளைக்கு வேண்டிய சர்க்கரைச் சத்து குன்றுகிறது. சிறுவர்க்குச் சேமிப்பும் அற்பம். மாரமங்கலம் போன்ற சேர்வராயன் மலையூர்களில் மேடுபள்ளங் கடந்து வெறும் வயிற்றோடு பள்ளி சேரும் பிள்ளைக்குக் கணக்கு எங்ஙனம் மனத்திற் பதியும்?

நம் நாட்டார் இதனை முன்னரே உணர்ந்தனர். 1920ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பிட்டி தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னைக் கார்ப்பரேஷன், ஆயிரம் விளக்குப் பள்ளியின் ஏழை மாணவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி அளிக்கத் தீர்மானித்தது. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் அது பரவிற்று. ஆரம்பக் கல்வி நிதியினின்று இதற்குச் செலவிடலாகாதென அரசாங்கத்தார் மறுத்தமையால் 1925இல் நின்றுபோயிற்று. சிலேட்டு வாங்கினால் கல்விச் செலவாம். அதைப் பிடிக்குங் கைக்குச் சோறிட்டால் அன்றாம்!

1956இல் காமராஜர் மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவும் கொணர்ந்தனர். ஆயினும் முற்பகற் பாடங்கள் ஏழைப் பிள்ளைகட்குப் பசியிலேயே கழிந்தன. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் காலையுணவுத் திட்டம் தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளில் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் வழங்கலாயிற்று. 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் யாவற்றுக்கும், மலையூர்கள் உட்பட, அது விரிந்தது.

எனினும் அத்திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்குமே வகுக்கப்பட்டது. ஆறாம் வகுப்பேறி, இன்னும் தூரம் நடக்கும் பிள்ளைக்குக் கேழ்வரகுக் கூழாயினும் ஊற்றி அனுப்ப வேண்டியவர் இல்லத்தாராகிய நாமே.