ஒற்றை முள்ளும் உழைப்பவர் பொழுதும்

கைக்கடிகாரம் என்றால் இரண்டு முள்ளேனும் இருக்க வேண்டும் என்பதே நாம் அறிந்த வழக்கம். ஒரேயொரு முள்ளுடன் இயங்குபவையும் உள. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் 2001ஆம் ஆண்டு தோன்றிய மைஸ்டர்சிங்கர் நிறுவனம் இவ்வகைக்குப் பெயர் பெற்றது. முகப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக 144 கோடுகள். பன்னிரண்டு மணிநேரத்தில் ஒரே சுற்றாக நகரும் ஒரு முள். "ஏறக்குறையப் பத்தேகால்" என்று அது சொல்லும். நிமிடத்துக்கு நிமிடம் நம்மைத் துரத்தாது. அவசரத்தால் களைத்த உள்ளங்களை அது கவர்வதில் வியப்பில்லை.

உண்மையில் இது புதுமையன்று, பழமையே. ஐரோப்பியக் கோபுர மணிக்கூடுகள் தொடக்கத்தில் மணிமுள் ஒன்றையே கொண்டிருந்தன. ஒல்லாந்தரான ஹைகன்ஸ் 1656இல் ஊசல் மணிக்கூட்டை அமைத்த பின்னரே நிமிடமுள் பரவலாயிற்று. நம் முன்னோரும் நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தனர். நாழிகை ஒன்று 24 நிமிடம். வெயிலில் நின்று, தம் நிழலைத் தம் அடியாலேயே அளந்து பொழுதறிந்தனர்.

யாழ்ப்பாணத்தில் இந்நிலை மாறியது எவ்வாறு? வேல்சு இளவரசர் அல்பேர்ட் எட்வேர்ட் 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக நகரில் மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை புகையிரதம் ஓடியது. அடுத்த ஆண்டே, கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்திய ஒரே நேரம் இலங்கை முழுவதற்கும் விதிக்கப்பட்டது. புகையிரதம் நிழலைப் பார்த்துப் புறப்படுவதில்லை. நிமிடம் நம் வாழ்வில் நுழைந்தது.

நேரத்தை விதிப்பவர் எவர் என்னும் வினா பின்னரும் ஓயவில்லை. 1996இல் அரசு கடிகாரங்களை ஒருமணி முன்தள்ளி, அவ்வாண்டிலேயே அரைமணி பின்னிழுத்தது. விடுதலைப் புலிகளின் வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது, முகமாலையைக் கடந்தவர் தம் கடிகாரத்தை அரைமணி திருப்ப வேண்டியிருந்தது. ஒரே மண்ணில் இரு நேரங்கள்! 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்கே மீண்டது.

அப்படியாயின், நிமிடமுள்ளைப் பிடுங்கி எறிந்தால் விடுதலை கிட்டுமா? அவ்வாறு எண்ணுவது மயக்கம். இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது 1844இலேதான். அதற்கு முன், யாழ்ப்பாணத்து வயலில் கதிரவனையே கடிகாரமாகக் கொண்டு உழைத்த அடிமைக்குப் பகற்பொழுது சொந்தமாக இருந்ததா? அது ஆண்டானுக்கே உரியதாயிருந்தது. அளவற்ற நேரம் அளவற்ற உழைப்பாகவும் இருந்தது. 1886இல் சிக்காகோத் தொழிலாளர் எட்டுமணி வேலைநாள் கேட்டபோது, முதலாளியின் கடிகாரத்தையே தம் கையில் ஆயுதமாக எடுத்தனர்.

இன்று ஒற்றை முள் ஓய்வுடையோரின் கையில் அழகாக நகர்கின்றது. கூலிக்காகப் பேருந்தைத் துரத்தி ஓடுபவருக்கு ஐந்து நிமிடத் தாமதம் அரைநாட் கூலியையே பறித்துவிடலாம். அவ்வழகை நாம் வெறுக்கவில்லை. "ஏறக்குறைய" என்று சொல்லும் உரிமை உழைக்கும் கைகளுக்கும் கிட்ட வேண்டும் என்றே கேட்கின்றோம்.