மேற்கோள் சுட்டலும் கருத்துத் திருட்டும்

ஆய்வேட்டில் பிறருடைய சொல், தரவு, கருத்து ஆகியவற்றை எடுத்தாளும்போது மூலத்தைத் தெரிவிப்பது மேற்கோள் சுட்டல். தெரிவிக்காமல் தனதாகக் காட்டுவது கருத்துத் திருட்டு. இந்தியாவில் இதற்கான விதிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்டது. ஆய்வேட்டில் பிறர் எழுத்துடன் உள்ள ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை எனில் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. அதைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாகச் சுட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இக்கணக்கில் சேரா.

ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருள் முதன்மையாகச் சொல் ஒப்புமையையே அளக்கிறது. வாக்கியத்தை மாற்றியெழுதிக் கருத்தை மட்டும் எடுத்தால் அது அகப்படாமல் போகலாம். அப்போதும் மூலத்தைச் சுட்டுவது கட்டாயம். மாணவர் பலர் தவறுவது இங்கேதான். மூல நூலைப் பாராமல், இன்னொருவர் காட்டிய மேற்கோளை நேரில் படித்ததுபோல் தருவதும் நேர்மையன்று. அந்த மேற்கோளை எடுத்த வழிநூலையும் குறிப்பிட வேண்டும்.