திருநின்றவூருடையான் எழுத்து

பிறந்தது சித்தூர், இருப்பது திருப்பதி. ட்ரூப்பல் என்னும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருளைக் கொண்டு இணையச் செயலிகள் கட்டித் தருவது என் தொழில். யார் வேலை கொடுத்தாலும் அவர்களிடம் உள்ள தகவலை எந்தெந்தப் புலமாகப் பிரிப்பது என்றுதான் முதலில் பார்ப்பேன். பக்கத்தின் அழகெல்லாம் பிறகு. இந்த வேலையில் எனக்கு மூத்தவர்களாக நான் மதிப்பது திருமலைக் கோயிலின் பழைய கணக்கர்களை.

திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களில் ஆயிரத்துக்கு மேல் கல்வெட்டுகள் உண்டு. பெரும்பாலானவை தமிழ். பல்லவ குலத்துச் சாமவை வெள்ளியில் திருமேனி செய்து வைத்து, அதன் வழிபாட்டுக்கு நிலம் விட்ட 966ஆம் ஆண்டுச் செய்தி அவற்றுள் புகழ்பெற்றது.

விஜயநகரக் காலத்துக்கு வந்தால் கொடைக் கல்வெட்டுகளுக்கு ஓர் ஒழுங்கு அமைந்துவிடுகிறது. முதலில் சக ஆண்டு, மாதம், திதி, கிழமை, நட்சத்திரம். அடுத்து கொடுத்தவர் பெயர், செலுத்திய நற்பணம். அந்தப் பணத்தைத் திருவிடையாட்ட ஊர்களின், அதாவது கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின், ஏரி, கால்வாய்களில் போட்டு, கூடுதலாக வரும் விளைச்சலைக் கொண்டு படையல் நடத்த வேண்டும். அதற்கு அரிசி, நெய், பயறு, மிளகு எவ்வளவு என்ற அளவுகள் வரும். பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு ‘விட்டவன் விழுக்காடு’, அதாவது கொடையாளியின் உரிமை. முடிவில், ‘கோயில் கணக்கு திருநின்றவூருடையான் எழுத்து’ என்று கணக்கரின் ஒப்பம்.

இப்படி எழுதிய ஒரே பதிவு பலருக்கும் பயன்பட்டது. மடைப்பள்ளிக்கு அளவு, பண்டாரத்துக்கு வரவு, கொடையாளியின் வாரிசுக்குப் பங்கு எல்லாம் அதிலேயே இருந்தன. தரவை நம்பி இயங்கும் செயலி என்று நாங்கள் இன்று சொல்வதும் இதைத்தான்.

13ஆம் நூற்றாண்டில், வீரநரசிங்கதேவ யாதவராயன் காலத்தில், திருப்புல்லாணி தாசர் கோயிலைப் புதுப்பித்தார். பழைய சுவரைப் பிரித்தால் அதிலுள்ள எழுத்தும் போய்விடும். ஆகவே பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் வெட்ட ஏற்பாடாயிற்று. தரவை ஒரு கட்டமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் நான் அவரை நினைத்துக்கொள்வேன். கட்டடம் மாறினாலும் பழைய கொடையாளிக்குக் கொடுத்த வாக்கு மாறக்கூடாது என்ற கவலை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கல்வெட்டாய்வாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் அறிக்கை 1930இல் வந்தது. 1931 முதல் கல்வெட்டுத் தொகுதிகள் அச்சேறின. அவற்றைக் கொண்டு அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன் 1960இல், கோயிலுக்கு வந்த பணம் இப்பகுதியின் பாசனத்தை எப்படி வளர்த்தது என்று எழுதினார். கணக்கர்கள் இப்படியொரு கேள்வியை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தொகையையும் ஊரையும் நோக்கத்தையும் தனித்தனியே எழுதி வைத்ததால் அவர்களின் பதிவில் அதற்கு விடை கிடைத்தது.

அந்தக் கல்வெட்டுத் தொகுதிகளைப் பக்கப் படங்களாக இணையத்தில் வைத்தால் போதாது. ஒவ்வொரு கல்வெட்டும் ஆண்டு, கொடையாளி, தொகை, ஊர், படையல் என்று புலம் புலமாக ஏற வேண்டும். கிருஷ்ணதேவராயர் 1513இல் திருமலைக்கு வந்து அளித்த கொடைகள் தமிழ், தெலுங்கு, கன்னடம் என மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டன. அதே வழியில், வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு படிக்கும் எங்கள் சித்தூர்ப் பிள்ளைகளும், தங்கள் ஊர் ஏரிக்கு யார் பணம் கொடுத்தார், எந்த ஆண்டு கொடுத்தார் என்று தங்களுக்குத் தெரிந்த எழுத்தில் தேடிப் படிக்க முடியவேண்டும். அதற்கான கருவிகள் இன்று எங்கள் கையில் இருக்கின்றன. கணக்கர்கள் தங்கள் பங்கை முன்னரே செய்துவிட்டார்கள்.