தமிழக வீடுகளும் மழைநீர்க் காப்பும்

தமிழகத்தில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான 3 மாதங்களில் பெய்துவிடுகிறது. மற்ற மாதங்களில் கடும் வெயில். ஐப்பசி, கார்த்திகை வந்தால் சில நாட்களிலேயே பெருமழை. இந்த இரண்டையும் தாங்கும்படிதான் இங்குள்ள வீடு கட்டப்பட வேண்டியிருந்தது. கூரை, சுவர், தரை ஆகிய மூன்றையும் நீரிலிருந்து காக்கத் தமிழர் கையாண்ட முறைகள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. மழைநீரை வீட்டில் தங்கவிடாமல் விரைவாக வெளியேற்றுவதும், ஆண்டுதோறும் மழைக்கு முன்பே வீட்டைப் பழுது பார்ப்பதும் பழைய முறைகளின் இரு அடிப்படைகள் ஆகும்.

பழைய சான்றுகள்

சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2014-15ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வுகளில் செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், சுடுமண் குழாய்கள் ஆகியவற்றோடு கூரை ஓடுகளும் கிடைத்துள்ளன. அந்த ஓடுகளின் மேற்பகுதியில் கட்டுவதற்கான துளைகள் உள்ளன. ஓட்டின் மீது விரலால் இழுக்கப்பட்ட பள்ளக்கோடுகள் மழைநீர் எளிதாக வழிந்தோட உதவின.

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனையின் நிலா முற்றத்தில் விழுந்த மழைநீர், மீன் வாய்போல் அமைந்த தூம்புகளின் வழியே அருவியாகக் கொட்டியதைக் கூறுகிறது. கழிவுநீர் ஓடும் இடத்தைக் குறிக்கும் அங்கணம் என்னும் சொல் திருக்குறளிலும் வருகிறது. வீட்டு நீருக்கு வழி வகுப்பது இங்கு மிகப் பழைய வழக்கம் என்பதை இவை காட்டுகின்றன.

ஓலைக் கூரையும் மண்சுவரும்

பெரும்பாலான மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது மண்சுவர் எழுப்பி, பனையோலை, தென்னங்கீற்று, வைக்கோல், புல் ஆகியவற்றால் வேய்ந்த வீடுகளில்தான். ஓலை நீரை முற்றிலும் தடுக்கும் பொருள் அன்று. ஆனால் கூரையைச் செங்குத்தாகச் சரித்து, ஓலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கினால், உள்ளே இறங்குவதற்கு முன்பே நீர் வழிந்து போய்விடும். சரிவு குறைந்தால் ஓலை நனைந்து மட்கும், கூரை ஒழுகும்.

மண்சுவருக்கு நீர்தான் பெரும் பகை. ஆகவே கூரையின் இறவாரம் சுவரைத் தாண்டி வெளியே தாழ இறக்கப்பட்டது. சாரல் சுவரில் படாமல் அது காத்தது. கூரைநீர் விழும் இடத்தில் மண் அரிக்காமல் சிறு வாய்க்கால் வெட்டி விடுவர். மழை தொடங்குமுன் சுவருக்கு மண் பூசி மெழுகுவதும், மட்கிய கீற்றை மாற்றுவதும் வழக்கம். கீற்றுக் கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக வேய வேண்டும். அதற்குப் பணம் இல்லாத ஆண்டில் அந்தக் குடும்பம் ஒழுகும் கூரையின் கீழேயே மழைக்காலத்தைக் கழித்தது. எனவே, ஒழுகாத கூரை என்பது கட்டடக் கலையை மட்டும் அன்று, குடும்பத்தின் நிலையையும் பொறுத்ததாக இருந்தது.

நாட்டு ஓடும் சீமை ஓடும்

குயவர் சக்கரத்தில் வனைந்த மண் உருளையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து சுட்டால் நாட்டு ஓடு கிடைக்கும். ஒரு வரிசை மல்லாந்தும், அடுத்த வரிசை அதன் விளிம்புகளை மூடியபடி கவிழ்ந்தும் அடுக்கப்படும். மல்லாந்த வரிசை சிறு வாய்க்கால்போல நீரைக் கீழே கொண்டு செல்லும். இவ்வோடுகள் ஒன்றோடொன்று பூட்டப்படுவதில்லை. பூனையும் குரங்கும் ஓடினாலோ, தேங்காய் விழுந்தாலோ அவை விலகிவிடும், உடையும். அதனால் ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடுகளைப் பிரித்து, குப்பையை நீக்கி, உடைந்தவற்றை மாற்றி அடுக்க வேண்டியிருந்தது. இதை ஓடு மாற்றுதல் என்பர்.

1865ஆம் ஆண்டில் பாசல் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. அங்கு இயந்திரத்தால் அழுத்திச் செய்யப்பட்ட தட்டையான ஓடுகளில், ஒன்று மற்றொன்றைப் பற்றிக்கொள்ளும் வரப்புகள் இருந்தன. சீமை ஓடு, மங்களூர் ஓடு என்று அழைக்கப்பட்ட இவை எளிதில் விலகாதவை. நாட்டு ஓட்டுக் கூரையைவிட எடையும் குறைவு. தமிழகத்தின் வீடுகளிலும் பள்ளிகளிலும் ரயில் நிலையங்களிலும் இவை பரவின. ஆயினும், இரண்டு சரிவுகள் கூடும் மூலை வாட்டம் ஓட்டுக் கூரையின் பலவீனமான இடமாகவே நீடித்தது. அங்கே தகரத் தகடு பதித்து, சருகு அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ்

சரிவான கூரைக்கு மாற்றாக அமைந்தது மட்டக்கூரை. சென்னையிலும் பிற நகரங்களிலும் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெருமளவில் கட்டப்பட்ட மட்டக்கூரை முறை மெட்ராஸ் டெரஸ் எனப்படுகிறது. தேக்கு உத்திரங்கள் மீது நெருக்கமாகக் கட்டைகள் பரப்பி, அவற்றின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையால் சாய்வாக வரிசை வரிசையாகப் பதிப்பர். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போடப்படும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் அத்தளத்தைப் பல நாட்கள் அடிப்பார்கள். அடிக்க அடிக்கத் தளம் இறுகி, இடைவெளிகள் அடைபடும். இறுதியாகத் தட்டோடு பதிக்கப்படும்.

மட்டக்கூரை என்று பெயர் இருந்தாலும் அது முற்றிலும் மட்டமானது அன்று. நீர் தூம்பை நோக்கி ஓடும்படி சிறு வாட்டம் வைக்கப்பட்டது. சுண்ணாம்புக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அதில் மயிரிழை போன்ற வெடிப்பு விழுந்தால், நீரில் கரையும் சுண்ணாம்பு மீண்டும் படிந்து அந்த வெடிப்பை ஓரளவு அடைத்துவிடும்.

முற்றம், திண்ணை, ஓதம்

முற்றம் வைத்த வீடுகளில் நான்கு பக்கக் கூரைகளின் நீரும் வீட்டின் நடுவே விழும். முற்றத்தின் தரை தாழ்வாரத்தைவிடத் தாழ்வாக இருக்கும். அதிலுள்ள துளை வழியே நீர் சுவருக்கு அடியில் சென்று தெருவை அடையும். பருவத்தின் தொடக்கத்தில் இத்துளையை மறவாமல் சுத்தம் செய்வர். அடைத்துக்கொண்டால் வீட்டுக்குள்ளேயே குளம் கட்டிவிடும். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்து மழைநீரைப் பாத்திரங்களில் பிடித்து வைப்பதும் உண்டு.

திண்ணை வழிப்போக்கருக்கு மட்டும் உரியதன்று. தெருமட்டத்திலிருந்து பல படிகள் உயர்ந்த திண்ணை, தெருவில் ஓடும் வெள்ளத்திலிருந்து வீட்டைக் காத்தது.

நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரத்திற்கு ஓதம் என்று பெயர். சுண்ணாம்புப் பூச்சு இந்த ஈரத்தை வெளியே ஆவியாக விடும். இன்று பழைய வீடுகளைப் புதுப்பிப்போர் சிலர் சுண்ணாம்புப் பூச்சைப் பெயர்த்துவிட்டு சிமெண்ட் பூசுகின்றனர். அப்போது ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்கிறது.

கான்கிரீட் காலம்

இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் முதல் முயற்சி 1904ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்றது. நாடு விடுதலை பெற்ற பின்னர் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் படிப்படியாக எல்லா ஊர்களுக்கும் பரவியது. தீப்பிடிக்காத, காற்றில் பறக்காத, ஆண்டுதோறும் வேய வேண்டாத கூரை ஏழைகளுக்கும் கிடைத்தது பெரிய முன்னேற்றம் ஆகும். குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றத் தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் தனித்திட்டமே கொண்டுவந்தது.

ஆனால், கான்கிரீட் வீட்டுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது. வாட்டம் சரியாக இல்லாத மாடியில் நீர் தேங்கும். வெடிப்பு வழியே இறங்கும் நீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய கம்பி பருத்து, அடியிலுள்ள காரையைப் பிளந்து தள்ளும். வீட்டுக்குள் காரை பெயர்ந்து விழுவதற்கு இதுவே முக்கியக் காரணம். இதைத் தடுக்கத் தமிழகத்துக் கொத்தனார்கள் கான்கிரீட் தளத்தின் மேலும் பழைய செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பையும் தட்டோட்டையுமே நீண்ட காலம் பயன்படுத்தினர். மெட்ராஸ் டெரஸின் மேலடுக்கு இவ்வாறு கான்கிரீட்டின் மீது தொடர்ந்தது. அகன்ற இறவாரம் மட்டும் மறைந்தது. சன்னலுக்கு மேல் மட்டும் நீட்டப்பட்ட சன்ஷேடு, சுவர் முழுவதையும் சாரலிலிருந்து காக்க இயலவில்லை.

உயரும் தெரு, தாழும் வீடு

2003ஆம் ஆண்டில் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. வெளியேற்ற வேண்டிய பொருளாக இருந்த கூரைநீர், சேமிக்க வேண்டிய பொருளாகக் கருதப்பட்டது. எனினும் சேகரிப்புக் குழாய்களும் குழிகளும் தூர் வாரப்பட்டால்தான் பயன் தரும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் எண்ணற்ற வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய பெருவெள்ளம் கூரையை மட்டும் பார்த்தால் தீராது. ஏரி, கால்வாய், நிலமட்டம் அனைத்தும் அதில் அடங்கும். சாதாரண மழையிலும் நீர் புகும் வீடுகளுக்கு மற்றொரு காரணம் உண்டு. பழைய சாலையின் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போடப்படுவதால் தெரு உயர்கிறது. வீட்டின் வாசல் பள்ளமாகிறது. ஒரு காலத்தில் படியேறிச் சென்ற வீட்டுக்குள் இன்று படியிறங்கிச் செல்ல வேண்டியுள்ளது. இதனால் 2021ஆம் ஆண்டில், பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது.

வசதி உள்ளோர் வீட்டை ஜாக்கிகளால் தூக்கி, அடியில் புதிய சுவர் எழுப்பி உயர்த்திக்கொள்கின்றனர். வசதி இல்லாதோர் வாசலில் சிறு தடுப்புச் சுவர் கட்டுகின்றனர். அல்லது மணல் மூட்டை அடுக்குகின்றனர். ஓலை வேயப் பணமின்றி நனைந்த குடும்பத்தின் நிலை வேறு வடிவில் தொடர்கிறது.

கட்டும் பொருள் மாறினாலும் அடிப்படைப் பணிகள் மாறவில்லை. புரட்டாசி மாதத்திலேயே மாடித் தூம்பில் அடைந்த சருகை அகற்றுதல், தட்டோட்டு இடுக்குகளைப் பூசுதல், வீட்டைச் சுற்றி நீர் ஓடும் வழியைத் திறந்து வைத்தல் ஆகியவை ஓலை வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் தேவைப்பட்டது போலவே கான்கிரீட் வீட்டுக்கும் தேவைப்படுகின்றன.