தர்பார் கட்டு, பஜார் கட்டு

பழங்கால ஆடம்பர விளையாட்டுச் சாமான்களைத் தேடித்தேடிச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். தந்தத்தில் செதுக்கிய சதுரங்கக் காய்கள், பயணத்துக்கு எடுத்துப்போக வசதியாக மடங்கும் பலகைகள், சித்திரம் தீட்டிய பெட்டிக்குள் அடுக்கிய சீட்டுகள் என்று பெரிய பட்டியல். இவற்றில் பல நம் நாட்டுப் பட்டறைகளில் செய்தவை. வேலைக்காகப் புனே வந்து சேரும்வரை எனக்கு இது தெரியாது. வந்தபிறகு கஞ்சிஃபா பைத்தியம் பிடித்துவிட்டது. அதன் சரித்திரத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சிஃபா ஒரு சீட்டாட்டம். நமக்குப் பழக்கமான 52 சீட்டுக் கட்டு இல்லை. சீட்டுகள் பெரும்பாலும் வட்டமாக, கையால் வரைந்து, அரக்கு பூசியவையாக இருக்கும். முகலாயக் கட்டில் 8 இனம். இனத்துக்கு 12 சீட்டு, ஆக 96. ஒவ்வொரு இனத்திலும் ஒரு ராஜா, ஒரு மந்திரி, பிறகு 1 முதல் 10 வரை எண்கள். ராணி கிடையாது! கிரீடம், வாள், அடிமை, யாழ், பொற்காசு, வெள்ளிக்காசு என்று இனங்களுக்குப் பெயர். தசாவதாரக் கட்டு என்றால் பத்து அவதாரத்துக்குப் பத்து இனம், 120 சீட்டு. மூன்று மீன் வரைந்திருந்தால் மச்சாவதாரத்தில் 3. கோடாலி இருந்தால் பரசுராமர். எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கூட ஆடலாம்.

பாபர் தன் நினைவுக்குறிப்பில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1527ல் சிந்துப் பக்கம் தட்டாவில் இருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபா அனுப்பி வைத்தாராம். அவருக்கு அந்த ஆட்டத்தில் பிரியம், கேட்டிருந்தார், அனுப்பினேன் என்கிறார். ஒரு பேரரசர் ஆக்ராவிலிருந்து அவ்வளவு தூரம் ஆள் மூலம் சீட்டுக்கட்டு கொடுத்தனுப்புகிறார் என்றால் அது சாதாரணக் கட்டாகவா இருந்திருக்கும்?

அவருடைய பேரன் அக்பர் ஒரு படி மேலே போனார். அபுல் ஃபஸல் எழுதிய ஆயின்-இ-அக்பரியில் 12 இனமும் 144 சீட்டும் கொண்ட பழைய கட்டு ஒன்றைப் பற்றிய விவரம் இருக்கிறது. குதிரைப்படை, யானைப்படை, கோட்டை, கப்பல் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிபதி. அக்பர் இவற்றில் சிலவற்றை மாற்றி அமைத்தார். தனபதி இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜா பொருளை வாரி வழங்குகிறார், மந்திரி கஜானாவைக் கணக்குப் பார்க்கிறார். அதற்குக் கீழே நகை வேலைக்காரர், உலோகம் உருக்குபவர், எடை போடுபவர், நாணயம் அடிப்பவர், கணக்கு எழுதும் குமாஸ்தா என்று வரிசையாக ஊழியர்கள். அச்சு அசல் நம் அலுவலக ஊழியர் பட்டியல் :-)

கஞ்சிஃபா செய்கிறவர்கள் வேலையின் தரத்தை இரண்டு பெயரில் பிரித்தார்கள். தர்பார் கலம், பஜார் கலம். இங்கே கலம் என்றால் எழுதுகோல், தூரிகை. தர்பார் கலம் அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும். தந்தம், ஆமையோடு, முத்துச்சிப்பி என்று விலை உயர்ந்த பொருளில், பொன் பூச்சோடு, மயிரிழைக் கோடுகளோடு செய்தது. பஜார் கலம் கடைத்தெருவுக்கு. துணியைப் பல அடுக்காகப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, காயவைத்து, வட்டமாக வெட்டி, மேலே வேகவேகமாக நாலு கோடு இழுத்து, அரக்கு தடவினால் முடிந்தது. ஒரிசாவின் ரகுராஜ்பூரில் இன்றும் ஏறக்குறைய இந்த முறையில்தான் செய்கிறார்கள்.

ஆடம்பரத்தின் உச்சத்தைப் பார்க்க மைசூருக்குப் போகவேண்டும். மும்மடி கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து 1831ல் ஆட்சி நிர்வாகத்தைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ராஜா பட்டம் மட்டும் மிச்சம். 1868ல் இறக்கும்வரை அவர் வேறொரு ராஜ்யம் நடத்தினார் என்று சொல்லலாம். ஸ்ரீதத்துவநிதி என்ற பெரிய சித்திர நூலைத் தொகுக்கச் செய்தார். அதில் கௌதுகநிதி என்ற பகுதி முழுக்க விளையாட்டுகள்தான். 'சத்' என்ற பெயரில் புதிது புதிதாகச் சீட்டாட்டங்களை வடிவமைத்தார். அதில் ஒன்றுக்கு 18 இனம், இனத்துக்கு 20 சீட்டு, மொத்தம் 360! அத்தனையையும் கையில் பிடித்து ஆடியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சொந்த நாட்டை ஆள முடியாத ஒரு மனிதர், விதிகளையெல்லாம் தானே எழுதிய உலகம் அது என்றுதான் எனக்குத் தோன்றும்.

அதே காலகட்டத்தில் வேறொரு சந்தையும் இருந்தது. விசாகப்பட்டினம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அங்கே தந்தத் தகடு ஒட்டி, கோடு கீறி, கோடுகளில் கறுப்பு அரக்கு நிரப்பி வெள்ளைக்காரர்களுக்குப் பெட்டிகள் செய்தார்கள். அதில் மடங்கும் ஆட்டப் பெட்டிகளும் உண்டு. மூடினால் அலமாரியில் இரண்டு தடிப் புத்தகம் வைத்த மாதிரி இருக்கும். விரித்தால் ஒருபக்கம் சதுரங்கம், மறுபக்கம் பேக்கமன். இன்று ஏலக் கூடங்களில் இவற்றுக்குத் தனி மவுசு.

சரி, இந்த ஆட்டம் எங்கே போனது? ஐரோப்பாவில் அச்சடித்த 52 சீட்டுக் கட்டுகள் வந்தன. 96 சீட்டைக் கையால் வரைகிறவர் அச்சு இயந்திரத்தோடு விலையில் போட்டி போட முடியுமா? பஜார் கட்டுக்குக் கிராக்கி குறைந்தது, வரைகிறவர்கள் வேறு பிழைப்புக்குப் போனார்கள். தர்பார் கட்டுகள் மட்டும் பெட்டியோடு பத்திரமாக இருந்தன. காரணம் எளிது. அவற்றை அதிகம் ஆடவில்லை. பஜார் கட்டு தினமும் திண்ணைக்கு வந்தது, வியர்வை பட்டது, ஓரம் பிரிந்தது, நாலு சீட்டு தொலைந்ததும் குப்பைக்குப் போனது.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் நாம் பார்ப்பது அந்தக் காலத்து மக்கள் ஆடியதை அல்ல, ஆடாமல் வைத்ததை. விலை உயர்ந்தது பிழைத்தது, பிரியமானது தேய்ந்து போனது. அதை வைத்து "கஞ்சிஃபா ராஜாக்களின் ஆட்டம்" என்று எழுதிவிடுகிறோம்.

இந்தக் குறையை ஓரளவு தீர்த்தவர்களும் சேகரிப்பாளர்கள்தான். ருடால்ஃப் ஃபான் லைடன் என்ற ஜெர்மானியர் 1933ல் பம்பாய் வந்தவர். படித்தது நிலவியல், பெயர் வாங்கியது கேலிச்சித்திரத்திலும் கலை விமர்சனத்திலும். அவர் கஞ்சிஃபாக்களைச் சேர்த்ததோடு நிற்காமல் இனங்களையும் ஆடும் முறையையும் குறித்து வைத்தார். 1982ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வெளியிட்ட அவருடைய புத்தகம்தான் இன்றும் இத்துறையில் அடிப்படை. புனேயிலேயே தினகர் கேல்கர் இருந்தார். மூக்குக் கண்ணாடி வியாபாரக் குடும்பம். விளக்கு, பாக்குவெட்டி, பாத்திரம் என்று வீடுகளில் புழங்கிய பொருளாகத் தேடிச் சேர்த்து, இறந்துபோன மகன் ராஜாவின் பெயரில் அருங்காட்சியகம் அமைத்தார். சேகரிப்பவர் கண் எங்கே போகவேண்டும் என்பதற்கு இந்த இருவரும் எனக்கு உதாரணம்.

சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மும்பையில் ஒரு வியாபாரி தந்தக் கட்டு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக் காட்டினார். அழகுக்கு அழகு. காகிதம் ஒன்றும் கிடையாது. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986லும், ஆப்பிரிக்கத் தந்தம் 1991லும் சட்டத் திருத்தங்களால் தடை செய்யப்பட்டன. நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ம் வருடத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை. பிரிட்டனிலும் 2022 முதல் தந்த வியாபாரத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு. சட்டத்தை விடுங்கள், யானை வேண்டாமா?

அதனால் நான் போனது சாவந்த்வாடிக்கு. கோவாவுக்குச் சற்று வடக்கே, கொங்கண் ரயிலில் இறங்கலாம். அங்கே இந்தக் கலை முடியும் தறுவாயில் இருந்தபோது, சிவராம் சாவந்த் போன்ஸ்லேவும் சத்வசீலாதேவியும் 1970களில் அரண்மனையிலேயே பட்டறை வைத்து மீட்டெடுத்தார்கள். அங்கே வாங்கிய தசாவதாரக் கட்டு என்னிடம் இருக்கிறது. புதுசுதான். ஏலத்தில் மதிப்பு இல்லை. ஆனால் ஆடலாம்!

ஆட்டம் எப்படி என்கிறீர்களா? மூன்று பேர், ஆளுக்கு 40 சீட்டு. துருப்பு கிடையாது. பாதி இனங்களில் மந்திரிக்கு அடுத்தபடி 10 பெரிது, மீதிப் பாதியில் 1 பெரிது. பகலில் ஆடினால் ராமர் வைத்திருப்பவர் தொடங்கவேண்டும், இரவென்றால் கிருஷ்ணர். எந்தப் பெரிய சீட்டு இறங்கிவிட்டது, எது இன்னும் பாக்கி என்று நினைவில் வைப்பதுதான் திறமை. சனிக்கிழமை இரவுகளில் அலுவலக நண்பர்கள் இருவரோடு ஆடுகிறேன். மூன்றே மாதத்தில் மச்சாவதாரத்து ராஜாவின் ஓரத்தில் அரக்கு தேய ஆரம்பித்திருக்கிறது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

நம் ஊரிலும் மீன் வடிவத்தில் மடங்கும் பல்லாங்குழி உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் இறக்கிப் பாருங்கள். குழிகள் வழவழவென்று தேய்ந்திருந்தால் பாலிஷ் போட்டு விற்றுவிடாதீர்கள். யார் ஆடினார்கள், எத்தனை முத்துப் போட்டார்கள், வெட்டு எப்படி என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி, அந்தப் பலகைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பலகை எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.