தண்டோராவும் நோட்டீஸ் போர்டும்

மலருக்கு எழுதச் சொன்னபோது, சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு பற்றியெல்லாம் மற்ற அக்காமார்கள் எழுதுவார்கள் என்று தெரியும். அதனால் யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். அரசாங்கம் சொல்லும் சேதி எங்கள் ஊருக்கு எப்படி வந்தது, எங்கள் காதுக்கு எப்போது வந்தது என்பதுதான் அது. இதுவும் சரித்திரம்தான். எந்தப் புத்தகத்திலும் இருக்காது. எங்கள் கூட்டமைப்பு அலமாரியில் இருக்கும் 4 நோட்டுகளில்தான் இருக்கிறது. அந்த நோட்டுகள் எப்படி வந்தன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் இதே ஊரில் பிறந்து, இதே ஊரில் வாக்கப்பட்டவள். தர்மபுரி மாவட்டம், மானாவாரி பூமி. சின்னப் பிள்ளையாக இருந்தபோது சேதி என்றால் தண்டோராதான். பொழுது சாயும் நேரம் காலனியிலிருந்து ஒருவர் தப்பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். முச்சந்தியில் நின்று நாலு அடி அடித்துவிட்டு, "இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்" என்று ஆரம்பிப்பார். வரி கட்ட மணியக்காரர் வீட்டுக்கு வரணும், ஏரி மதகு திறக்கிறாங்க, நாளைக்கு அம்மை ஊசி போடுறாங்க, அவ்வளவுதான் இருக்கும். நாங்கள் பிள்ளைகள் அவர் பின்னாலேயே ஓடுவோம். அம்மா அடுப்படியிலிருந்தே, "என்னாடி சொல்றாங்க?" என்று கேட்பாள். பாதிதான் காதில் விழுந்திருக்கும். மீதியை அப்பா வந்து சொன்னால் உண்டு.

"சகலமானவர்களுக்கும்" என்று சொன்னாரே ஒழிய, கூட்டத்துக்குப் போகிறவர்கள் ஆம்பிளைகள்தான். அதிலும் ஊர்த் தெரு ஆம்பிளைகள். தண்டோரா போட்டவருக்கே அந்தக் கூட்டத்தில் உட்கார இடம் கிடையாது. சேதியைச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்பார். கூலி என்று தனியாக ஏதும் இல்லை. களத்தில் ராகி அடிக்கும்போது அள்ளிப் போடுவதுதான். எனக்கு இதெல்லாம் அப்போது தப்பாகவே தோன்றவில்லை. அது அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதும்போதுதான் கூச்சமாக இருக்கிறது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழித்தது. பரம்பரையாக ஒரே வீட்டில் இருந்த வேலை போய், பரீட்சை எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் வந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அவரையும் ரொம்ப நாள் மணியக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் மாறினாலும் தப்பட்டை மாறவில்லை.

ஊராட்சித் தேர்தல் என்பதே அப்போது எப்போதாவது வரும் திருவிழா. 1970-இல் ஒன்று, அதற்கப்புறம் 1986-இல்தான் அடுத்தது. 1991-இல் அந்தக் காலமும் முடிந்து, மறுபடி தனி அலுவலர் ஆட்சி. அரசியல் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993-இல் வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. அந்தச் சட்டப்படி 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. எங்கள் வார்டில் பெண் மெம்பர். கையெழுத்து அவங்களோடது, பேச்சு வீட்டுக்காரரோடது. அதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அன்றைக்கு நான் நின்றிருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊராட்சி மன்ற அலுவலகத்துக்கு நோட்டீஸ் போர்டு வந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த பலகை, மேலே கம்பி வலை. ஆனால் மாட்டியிருந்தது உள் வராண்டாவில். கேட் பூட்டியிருந்தால் போர்டும் பூட்டியிருக்கிற மாதிரிதான். திறந்திருக்கும்போது வராண்டாவில் நாலு ஆம்பிளைகள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே போய் எந்தப் பொம்பளை நின்று படிப்பாள்? படிக்கத் தெரிந்தவர்களும் ரொம்பக் குறைவு. தண்டோராவாவது வாசலுக்கு வந்தது. போர்டு நம்மை அங்கே வரச் சொன்னது.

எங்கள் மாவட்டத்துக்குக் குழு என்பது புதிது இல்லை. தமிழ்நாட்டிலேயே முதன்முதலில் 1989-இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் ஆரம்பித்தது தர்மபுரியில்தான். எங்கள் ஊருக்கு வந்தது அதற்குப் பல வருசம் கழித்து, மகளிர் திட்டம் வந்த பிறகு. ஊர்த் தெருவில் ஒரு குழு, காலனியில் ஒரு குழு. நான் 8-ஆம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் ஊர்த் தெருக் குழுவுக்கு என்னை ஊக்குநர் ஆக்கினார்கள். கைநாட்டு வைத்தவர்கள் எல்லாம் சாயங்காலம் உட்கார்ந்து பெயர் எழுதப் பழகினார்கள். ஒரு அக்கா தன் பெயரின் கடைசி எழுத்தை எழுத 3 வாரம் எடுத்துக்கொண்டார். எழுதியதும் சுவரெல்லாம் கரியால் எழுதிவைத்து மாமியாரிடம் திட்டு வாங்கினார்.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

தண்டோரா போட்டவர் 90-களின் கடைசியில் இறந்துபோனார். அவர் சம்சாரம் காலனிக் குழுவில் உறுப்பினர். குழுக்கள் இரண்டும் சேர்ந்து பயிற்சிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அவரை நான் ஆயா என்று கூப்பிட்டேன். அதுவரை பெயர் சொல்லித்தான். என் அம்மா வயசு இருக்கும். ஆயா விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று போனால் இறப்புச் சான்று கேட்டார்கள். சாவைப் பதியவே இல்லை. 21 நாளுக்குள் சொன்னால் காசில்லாமல் பதியலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருசம் தாண்டினால் அன்றைக்குக் கோர்ட்டு உத்தரவு வேண்டியிருந்தது. ஊர் சேதி அத்தனையும் சொன்ன மனுசனுக்குச் சாவைப் பதியணும் என்ற சேதியை அவர் வீட்டில் யாரும் சொல்லவில்லை. பதிய வேண்டிய இடம் ஊராட்சியா, கிராம நிர்வாக அலுவலரா என்றுகூட அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. குழாய் வரலைன்னா ஊராட்சி, சாவு பொறப்பு பதியறது கிராம நிர்வாக அலுவலர் என்று இன்றைக்கு எங்கள் பெண்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு எல்லாமே "ஆபீசு"தான்.

அது முடிவதற்குள் அடுத்தது வந்தது. 2002-இல் வறுமைக் கோட்டுக் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. 13 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க்கு. மார்க்கு குறைந்தால் ஏழை. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். அந்த மார்க்கை வைத்துத்தான் பின்னால் இந்திரா நினைவு குடியிருப்புத் திட்ட வீட்டுக்கு வரிசை போட்டார்கள். பட்டியலை போர்டில் ஒட்டி, ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கச் சொல்லித் தேதி போட்டிருந்தார்கள்.

அந்தப் பட்டியலை நான் பார்த்தேன். ரேசன் கார்டு வேலையாக உள்ளே போனவள், கம்பி வலைக்குள் விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். என் குழுவில் இருந்த 16 பேரில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தேன். ஒருவருக்கு வீட்டுக்காரர் பெயர் தப்பாக இருந்தது. அன்றைக்கே எழுதிக் கொடுத்துத் திருத்தினேன். பெருமையாக வீட்டுக்கு வந்தேன். காலனிப் பெயர்களை நான் படிக்கவில்லை. படிக்கணும் என்று தோன்றவே இல்லை.

ஆயா பெயர் அதில் இல்லை. கணக்கெடுக்க வந்தபோது அவர் களை எடுக்கப் போயிருந்தார், வீடு பூட்டியிருந்தது, விட்டுவிட்டார்கள். தேதி முடிந்து ரொம்ப நாள் கழித்து வரிசை வந்தபோதுதான் தெரிந்தது. மழைக்குக் கூரையில் சாக்கு போட்டு மூடியிருந்த வீடு அது. ஊரில் ஒருத்தருக்கு வீடு கொடுக்கணும் என்றால் முதலில் அவருக்குத்தான் கொடுக்கணும்.

நான் பட்டியலைப் பார்த்த விசயம் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. கூட்டுக் கூட்டம் ஒன்றில் எல்லார் முன்னாடியும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "ஏம்மா, எங்க ஊட்டுக்காரரு உங்க வாசல்ல வந்து எத்தினி தபா கத்தியிருப்பாரு. நீ ஒரு தபா எங்க தெருவுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். அந்தத் தீர்மான நோட்டு இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் இரண்டு குழுவிலிருந்தும் ஒருத்தர் ஒருத்தராக இரண்டு பேர் சேர்ந்து போய், போர்டில் உள்ளதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வந்து, இரண்டு தெருவிலும் படிக்க வேண்டும். இரண்டு பேர் என்பது ஆயாவின் யோசனை. "ஒருத்தி போனா அவ தெருவைத்தான் பாப்பா" என்றார். அலமாரியில் இருக்கும் 4 நோட்டும் அப்படி எழுதியவைதான். போலியோ சொட்டு மருந்து, வாக்காளர் பட்டியல், வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், ஏலம், பல்லில் கறை விழவைக்கும் புளோரைடு தண்ணியைக் குடிக்காதீங்க என்ற எச்சரிக்கை, 2008-இல் 100 நாள் வேலை எங்கள் மாவட்டத்துக்கு வந்தபோது அட்டைக்கு மனுக் கொடுக்கச் சொன்னது, 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. எழுத்துப் பிழையோடுதான் இருக்கிறது. திருத்தவில்லை.

போர்டை வெளியே மாற்றுவதற்குத்தான் படாத பாடு பட்டோம். கிராம சபையில் கேட்டோம். கிராம சபைக்கு 7 நாள் முன்னாடி அறிவிப்புக் கொடுக்க வேண்டும், எங்கள் மாதிரி 3,000-க்குள் சனத்தொகை உள்ள ஊருக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். முன்பெல்லாம் கூட்டம் முடிந்த பிறகு நோட்டு வீடு வீடாகக் கையெழுத்துக்கு வரும். போடமாட்டோம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டோம். அடுத்த கூட்டத்துக்கு நாங்களே போய் உட்கார்ந்தோம். பாதிக்கு மேல் பொம்பளைகள். ஒரு பெரியவர், "போர்டை வெளியே வெச்சா மழையில நனைஞ்சிடும்" என்றார். "நனையட்டும், வேற காகிதம் ஒட்டலாம்" என்று எங்கள் பக்கத்தில் இருந்து யாரோ சொல்ல, சிரிப்பு அடங்க நேரமாகியது. அதற்கப்புறமும் மூன்று கிராம சபை ஆனது. இப்போது போர்டு தண்ணித் தொட்டி பக்கத்துச் சுவரில் இருக்கிறது. குடம் வரிசையில் நிற்கும்போதே படித்துவிடலாம்.

எங்கள் ஊரின் கடைசித் தெரு பேரூராட்சி எல்லை. தெருவுக்கு இந்தப் பக்கம் ஊராட்சி, அந்தப் பக்கம் பேரூராட்சி. இந்தப் பக்கம் 100 நாள் வேலை இருந்தது, அந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கத்தில் வாக்கப்பட்ட என் தங்கச்சி, "எங்களுக்கு மட்டும் வயிறு இல்லையா?" என்பாள். 2004-இல் பேரூராட்சிகளையெல்லாம் சிறப்பு ஊராட்சி ஆக்கினார்கள், 2006-இல் திரும்பப் பேரூராட்சி ஆக்கிவிட்டார்கள். 100 நாள் வேலை வந்து சேர்ந்தபோது அவர்கள் மறுபடி அந்தப் பக்கம் போயிருந்தார்கள். இப்போது ஊராட்சிகளை நகரத்தோடு சேர்க்கிற பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் பெண்கள் முதலில் கேட்கிற கேள்வி அட்டை என்ன ஆகும் என்பதுதான்.

2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அவர்கள், தண்டோரா போடுவதைத் தடை செய்யச் சொல்லி எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம், ஒரு மனிதனைத் தமுக்கு அடிக்க வைக்க வேண்டாம் என்று. எங்கள் ஊரில் அதற்கு முன்னாடியே ஆட்டோவில் மைக் கட்டிவிட்டார்கள். ஆனாலும் அந்தச் சேதியை நோட்டில் எழுதி இரண்டு தெருவிலும் படித்தோம். காலனியில் படித்தபோது யாரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆயாவின் மருமகள், "இன்னொரு தபா படிங்க" என்றாள். படித்தேன்.

ஆயா அதைக் கேட்க இல்லை. பசுமை வீடு திட்டத்தில் மகன் பெயருக்கு 300 சதுர அடியில் வீடு வந்தபோது, அஸ்திவாரம் தோண்டியதைப் பார்த்தார். கான்கிரீட் போட்டதைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை சாவை 21 நாளுக்குள் பதிந்தோம். அவர் மருமகளும் நானும்தான் போனோம்.

இப்போது போர்டு படிக்கிற வேலையை அந்த மருமகள்தான் பார்க்கிறாள். கூட்டமைப்பின் கணக்காளரும் அவள்தான். நோட்டில் எழுதுவதில்லை, போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறாள். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரலிலும் பேசிப் போடுகிறாள். 2023 ஜூலையில் மகளிர் உரிமைத் தொகை விண்ணப்ப முகாமை எங்கள் மாவட்டத்துத் தொப்பூரில் முதலமைச்சர் தொடங்கி வைத்தபோது, டோக்கன் எந்தத் தெருவுக்கு எந்தத் தேதி என்று அவள் பேசிப் போட்டதை இரண்டு தெருவும் கேட்டது. போன் இல்லாத 11 பேர் வீட்டுக்கு மட்டும் நேரில் போய்ச் சொல்கிறோம். அந்த 11 பேர் பட்டியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. போன மாதம் ஒருத்தர் போன் வாங்கிவிட்டார். அவர் பெயரை அடிக்கப் போனேன். "இருக்கட்டும் அக்கா, அவங்களுக்கு எடுக்கத் தெரியாது" என்றாள்.